வீட்டோடு வைத்துப் பார்ப்பதற்கும் கணக்கு உண்டு

படுத்த படுக்கையாகிவிட்ட பெற்றோரையோ கணவரையோ பிள்ளையையோ வீட்டோடு வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. "வீட்டில்தானே பார்க்கிறீர்கள், என்ன பெரிய செலவு?" என்று உறவினர் முதல் அதிகாரி வரை கேட்பதால் இந்த அறிக்கை.

வீட்டில் இருப்பதன் அருமை எங்களுக்குத் தெரியும். பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில் சுவரையே பார்த்துக் கிடந்தவர், வீட்டுக்கு வந்த மறுநாள் ரசம் தாளிக்கும் வாசனைக்குத் தலையைத் திருப்பினார். அதை எந்த வார்டும் தராது.

ஆனால் அந்த அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பில் புண் வரும். இரவிலும் அலாரம் அடிக்கும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்தாவிட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். இத்தனையையும் செய்பவர் பெரும்பாலும் ஒரே பெண்: மகள் அல்லது மருமகள். வேலையை விட்டவர், இப்போது முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்பவர். வெளியூரில் இருக்கும் அண்ணன் வீடியோ காலில் வந்து, "அம்மா ஏன் இளைச்சிட்டாங்க?" என்பார்.

டயபர், காற்று மெத்தை, பிசியோதெரபி எல்லாம் கைக்காசு. 12 மணி நேர ஷிஃப்டுக்கு ஆள் வைத்தால் நடுத்தர வீட்டில் ஒருவர் சம்பளம் அதற்கே சரியாகிவிடும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. வீட்டுக்கு வைக்கும் ஆளுக்கோ டயபருக்கோ கொடுப்பதில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை சிகிச்சையையும் வலிநிவாரணச் சேவையையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. அதை மனதார வரவேற்கிறோம். வந்தவர்கள் போன பிறகு மிச்சமிருக்கும் பொழுதைப் பற்றித்தான் எங்கள் பேச்சு.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளின் கடமையைச் சொல்கிறது; கூடவே இருந்து பார்ப்பவரின் உழைப்புக்கு ஈடு சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது. கேரளம் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் பராமரிப்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. டயபருக்கே காணாத தொகைதான். ஆனாலும் அந்த வேலைக்கு ஒரு பெயர் கிடைத்தது.

எனவே எங்கள் நிலைப்பாடு: வீட்டுப் பராமரிப்பை ஆதரிக்கிறோம், அதைச் செய்பவரை மறந்துவிடும் வீட்டுப் பராமரிப்பை ஆதரிக்கவில்லை. பராமரிப்பவர் பெயரிலேயே மாதப்படி வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் சில படுக்கைகளை ஒதுக்கி, ஆண்டுக்கு இரண்டு வாரமாவது நோயாளியை அங்கே ஒப்படைத்துவிட்டு இவர் தூங்க வழி செய்ய வேண்டும். ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் பயிற்சி பெற்றவர்களை மட்டுமே அனுப்பவும், வருகிறவருக்கு நியாயமான கூலி கிடைக்கவும் விதிகள் வேண்டும். இன்னொரு வீட்டின் பெண்ணைச் சுரண்டி எங்கள் வீட்டைத் தாங்கிப்பிடிக்க நாங்கள் விரும்பவில்லை.

முடியாமல் போய்ப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பவர்களைத் தூற்றும் வழக்கத்தையும் கண்டிக்கிறோம். ராத்திரி எழுந்து வீதிக்குப் போய்விடும் மறதி நோயாளியைத் தனி ஒருத்தி எப்படிக் காப்பாள்?

அரசு தருவதற்குள் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எங்கள் உறுப்பினர் வீடுகளில் இந்த மாதம் முதல் ஒரு நோட்டு வைக்கிறோம். மருந்துச் செலவுக்குப் பக்கத்திலேயே யார் எத்தனை மணி நேரம் கண்விழித்தார்கள் என்றும் எழுதுவோம். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அண்ணன் தம்பி எல்லோருக்கும் அனுப்புவோம்.