ஊசியில்லாச் சோதனை யாருடைய தோலில் தேறியது?

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தமிழகத்தில் 53 சதவீதம். வயல்வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிற பெண்கள் இதைச் சோர்வு, மூச்சிரைப்பு என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள்.

கிராம சுகாதாரச் செவிலியர்கள் நெடுங்காலமாகக் கீழிமையை இழுத்துப் பார்த்தே ரத்தசோகையைக் கணித்தார்கள். கடுமையாக வெளுத்திருந்தால்தான் அதில் பிடிபடும். விரலில் குத்திச் சொட்டு ரத்தம் எடுப்பதிலும் பிழை உண்டு. விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறிவிடும். ‘இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் எடுக்கிறீங்களே’ என்று கையை இழுத்துக்கொள்ளும் பெண்களும் உண்டு. ஆகவே, விரலில் மாட்டி ஒளியைச் செலுத்தி ஹீமோகுளோபினைக் கணிக்கும் கருவிகளையும், இமையின் உட்புறத்தைப் படம்பிடித்துக் கணிக்கும் கைப்பேசிச் செயலிகளையும் நான் மனமார வரவேற்கிறேன். வீட்டு வாசலிலேயே சோதனை முடிந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

ஆனால், விரலில் மாட்டும் கருவியின் ஒளி தோலைக் கடந்துதான் ரத்தத்தை அடைகிறது. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சுகிறது. கொரோனா காலத்தில் வீடுதோறும் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் இது அம்பலமானது. 2020-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி போதிய ஆக்ஸிஜன் இருப்பதாகக் காட்டிய நேரத்தில் உண்மையில் அது ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்த நிலை, கறுப்பினத்தவரிடம் சுமார் 12 சதவீத அளவீடுகளிலும் வெள்ளையரிடம் 4 சதவீதத்துக்கும் குறைவான அளவீடுகளிலும் காணப்பட்டது. வெயிலில் கறுத்த கை, காய்த்த விரல், மருதாணிச் சிவப்பு என்று நம் பெண்களின் விரலில் இன்னும் பல சிக்கல்கள் சேரக்கூடும்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டிய கடுமையான நிலை. ஊசியில்லாக் கருவிகளில் ஒரு கிராம் கூடவோ குறையவோ காட்டுவது அபூர்வமல்ல. 6.8 இருப்பவருக்கு 7.8 என்று காட்டினால் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்படும்போது அந்த உடலுக்குத் தாங்க வலுவிருக்காது. வசதியுள்ள பெண் தனியார் ஆய்வகத்தில் மறுமுறை பார்த்துக்கொள்வார். குக்கிராமத்துப் பெண்ணுக்கு அந்த ஒரு எண்தான் தீர்ப்பு.

எனவே, அரசு இத்தகைய கருவிகளை வாங்கும் முன், கருநிறத் தோலுள்ள உழைக்கும் பெண்களிடமே அவற்றைச் சோதித்து, நரம்பில் எடுத்த ரத்தத்தின் முடிவோடு ஒப்பிட்ட விவரங்களை வெளியிட வேண்டும். அதை ஒப்பந்தப்புள்ளியில் கட்டாய நிபந்தனையாகவே சேர்க்கலாம். கருவி 8 கிராமோ அதற்குக் குறைவாகவோ காட்டும் எந்தக் கர்ப்பிணிக்கும் நரம்பு ரத்தச் சோதனை அன்றே நடக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கட்டுகிறது என்று பாதியில் நிறுத்துகிற பெண்கள் ஏராளம். அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தை நரம்பு வழியே ஏற்றும் வசதியும், அதற்காக இழக்கும் நாளுக்கு ஈட்டுக்கூலியும் வேண்டும். கருவிகளுக்கான நிதி ஒதுக்கீட்டிலேயே இந்தச் செலவையும் எழுதிவிட வேண்டும்.