கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் வேண்டுமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "வாட்டர் கூலிங் போட்டுக் கொள்ளலாமா?" என்பதுதான். நம் ஊர் வெயிலுக்கு ஃபேன் போதாது, தண்ணீர்தான் சரி என்று தோன்றுவது இயற்கை. சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்க்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டு கம்ப்யூட்டருக்கு அது வீண் செலவு என்பது இன்று என் கருத்து. அடுத்தவர் காசில் இந்தப் பாடத்தைக் கற்றேன் என்பதால் அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் என் சித்தப்பா வீடு இருக்கிறது. அவர் பட்டுத் தறி நெய்பவர். அவருடைய மகன் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். கோர் ஐ5-12400 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு என்று அவனுக்கு நல்ல சிஸ்டம் ஒன்றை அசெம்பிள் செய்தோம். பிராசசருக்கு எட்டாயிரம் ரூபாயில் வாட்டர் கூலர் போடச் சொன்னவன் நான். அதற்காக யுபிஎஸ் வாங்குவதைத் தள்ளிப் போட்டார்கள்.

சித்ரா பௌர்ணமி அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுவார். அந்த உற்சவத்துக்குப் போனபோது தம்பி என்னைத் தனியே அழைத்தான். "அண்ணா, ரெண்டு மணி நேரத்துல முடியற வேலை நாலு மணி நேரம் ஆகுது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் தண்ணி போட்டுடலாமா?" என்றான். பார்த்தால், பிராசசரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கிக் கொண்டிருந்தது. அந்த நிலையில் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும்.

சித்தி கேட்டார்: "பானையில ஊத்தி வெச்ச தண்ணி சில்லுனு இருக்கே, அதுக்குள்ள ஓடுற தண்ணி மட்டும் ஏம்பா சுடுது?"

மிகச் சரியான கேள்வி. மண்பானையின் சுவர் வழியே தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. கம்ப்யூட்டருக்குள் ஓடும் நீரோ மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, அது ஆவியாவதில்லை. பிராசசரின் மேல் பொருத்திய செம்புத் தகட்டில் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, பம்ப் தள்ள, ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே ஃபேன்தான் அந்த வெப்பத்தை அறைக்குள் ஊதித் தள்ளுகிறது. அதாவது, தண்ணீர் வெறும் சுமை கூலி; குளிர வைப்பது கடைசியில் காற்றுதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. அறை வெப்பம் 38 டிகிரி என்றால், எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் பிராசசர் அதற்குக் கீழே போகாது. ஒரே கன அளவில் பார்த்தால் காற்றை விட சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுமந்ததை இறக்கி வைக்க வழி வேண்டுமே!

தம்பியின் சிஸ்டத்தில் அந்த வழிதான் அடைபட்டிருந்தது. ஒரே கூடத்தில் தறியும் கம்ப்யூட்டரும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே நூல் தூசு கம்பளி போலப் படிந்திருந்தது. போதாக்குறைக்கு, கேபினெட்டை மேஜையின் மூடிய அறைக்குள் வைத்திருந்தார்கள். பிரஷ்ஷால் தூசைத் துடைத்து, கேபினெட்டை வெளியே வைத்தோம். சிஸ்டம் பழைய வேகத்துக்கு வந்தது. ஒரு ரூபாய் கூடச் செலவில்லை.

அப்படியானால் வாட்டர் கூலிங் யாருக்கும் வேண்டாமா? அப்படியும் இல்லை. பைக்கைப் பாருங்கள். எங்கள் மாவட்டத்தில் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை இருக்கிறது. பழைய புல்லட் இன்ஜின் வரி வரியான தகடுகளில் படும் காற்றிலேயே குளிர்ந்தது. 2023ல் வந்த ஹிமாலயன் 450க்கு ரேடியேட்டர் வைத்தார்கள். இன்ஜின் எவ்வளவு வெப்பத்தைக் கக்குகிறது என்பதைப் பொறுத்ததே இது.

கம்ப்யூட்டருக்கும் அதே கணக்குதான். தம்பியின் ஐ5-12400 உச்ச வேகத்தில் 117 வாட் எடுக்கும். இரண்டாயிரம் ரூபாய் விலையில் கிடைக்கும் டவர் வகை ஏர் கூலரே இதற்குத் தாராளம். கோர் ஐ9-14900கே போன்றவை 253 வாட் வரை போகும். அவற்றை நாள் முழுக்க முழு வேகத்தில் ஓட்டுபவர்களுக்கு வாட்டர் கூலர் உதவும். 2014ல் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்9 295எக்ஸ்2 கார்டு 500 வாட் வகை என்பதால், வாட்டர் கூலருடனேயே விற்பனைக்கு வந்தது. தம்பியின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டோ 170 வாட்தான். அதற்கு, உடன் வரும் ஃபேன்களே போதும்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு நாமாகத் தண்ணீர் போடுவது இன்னும் சிக்கலானது. கார்டைப் பிரித்து, அந்த மாடலுக்கென்றே செய்த வாட்டர் பிளாக் வாங்கிப் பொருத்த வேண்டும். பிரித்தால் வாரண்டி போகும் வாய்ப்பு உண்டு. போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்பு படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் தனியாகப் போதாது. பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து சேர்க்க வேண்டும். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் கலந்தால் அலுமினியம் அரிக்கும். கசிந்தால் மதர்போர்டு வரை பாதிக்கும். ஆப்பிள் நிறுவனமே 2004ல் பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டரில் திரவக் குளிரூட்டல் வைத்து, பின்னாளில் பலருடைய கம்ப்யூட்டர்களில் கசிவு ஏற்பட்டது.

எனவே புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்:

• கேபினெட்டின் பின்பக்கம் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி இருக்கட்டும்.

• மாதம் ஒரு முறை, பவரை அணைத்து விட்டுத் தூசைத் துடையுங்கள். ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக் கொள்ளுங்கள்.

• கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பத்தை விண்டோஸ் டாஸ்க் மேனேஜரிலேயே பார்க்கலாம். பிராசசருக்கு ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது.

• சுத்தம் செய்த பிறகும் சூடு குறையாவிட்டால் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் மட்டுமே புது கூலர்.

• இவை எல்லாவற்றுக்கும் முன்னால் யுபிஎஸ் வாங்குங்கள்.

கடைசி வரியை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மார்ச் மாதத்தில் ஒருநாள் கரண்ட் போனதில், தம்பி சேமிக்காமல் வைத்திருந்த ஒரு கல்யாண வீடியோவின் அரை நாள் எடிட்டிங் போய்விட்டது. மறுநாள் காலை கொடுக்க வேண்டிய வேலை அது. வாட்டர் கூலருக்குக் கொடுத்த எட்டாயிரத்தில் பாதியில் ஒரு யுபிஎஸ் வந்திருக்கும். சித்தப்பா இதுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தறியில் உட்கார்ந்து சம்பாதித்த பணம் அது. கேட்டிருந்தால் கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.