கடலுக்குள் கிடக்கும் கார் அச்சு

‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் கால இயந்திரமாக வருமே ஒரு வெள்ளி நிற கார், நினைவிருக்கிறதா? கதவுகள் பறவைச் சிறகு மாதிரி மேல்பக்கமாகத் திறக்கும். டிலோரியன் என்று பெயர். அதன் பாடியை அழுத்தி எடுத்த இரும்பு அச்சுகளில் சில, அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே பக்கம் கடலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. மீன் பண்ணைக் கூண்டுகள் அலையில் நகராமல் இருக்க நங்கூரமாகப் போட்டுவிட்டார்கள்!

பெல்ஃபாஸ்ட் அருகே டன்மரியில் இருந்தது அந்த ஆலை. 1981-ல் கார்கள் வெளிவரத் தொடங்கின, 1982-லேயே கம்பெனி திவால். சுமார் 9,000 கார்களோடு கதை முடிந்தது. டன் கணக்கில் எடையுள்ள அச்சுகள் பழைய இரும்பாக விலைபோயின. வாங்கியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு அது வெறும் எடைதானே? காரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன படம் வந்ததே 1985-ல்தான்.

சரி, அச்சு போனால் என்ன? டிலோரியனின் வெளித் தகடு நம் வீட்டுப் பாத்திரம் போல எவர்சில்வர். பெயின்ட்டே கிடையாது. மற்ற கார் என்றால் ஒடுக்கு விழுந்த இடத்தில் பட்டி வைத்து, பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். இதில் எதைப் பூசி மறைப்பது? தட்டி நிமிர்த்த முடியாவிட்டால் புதுத் தகடுதான் வேண்டும். அதற்கு அச்சு வேண்டும். ஆலையில் மிஞ்சி அமெரிக்காவுக்குப் போன உதிரிபாகங்களை வைத்துத்தான் பல கார்களின் பிழைப்பு ஓடுகிறது.

இதற்கு நேர் எதிரான கதை இங்கிலாந்தில் நடந்தது. எம்.ஜி.பி என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார், 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரானது. 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதற்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் முதுகெலும்பு. அங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அடிப்பாகம் துருப்பிடித்தால் இன்ஜின் நன்றாக இருந்தும் கார் காயலான் கடைக்குத்தான்.

பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் அந்தக் காரின் பழைய அச்சுகளைத் தேடித் திரட்டியது. 1988-ல் ஃபேரிங்டனில் எம்.ஜி.பி-யின் முழு பாடியையும் புதிதாகச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. துருப்பிடித்த காரின் இன்ஜின், சீட், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றிப் புதுக் கூட்டில் பூட்டிக்கொள்ளலாம். அதைவிட ஆச்சரியம், அந்தப் பாடியை அடிப்படையாக வைத்தே 1992-ல் எம்.ஜி. ஆர்.வி.8 என்று ஒரு புது காரே அறிமுகமானது. ஏறக்குறைய 2,000 கார்கள். பெரும்பாலானவை ஜப்பானுக்குக் கப்பலேறின.

விரல்விட்டு எண்ணும் அளவுக்கே தயாரான கார்களுக்கு இவ்வளவு பெரிய இரும்பு அச்சு கட்டுப்படியாகாது. மரத்தில் காரின் வடிவத்தைச் செய்துவைத்து, கையால் தட்டி வளைத்த அலுமினியத் தகட்டை அதன்மேல் பொருத்திப் பொருத்திச் சரிபார்ப்பார்கள். ‘பக்’ என்பார்கள் அதை. இரும்பு கடலில்கூடக் கிடக்கும். மரம்? கரையானோ ஈரமோ போதும்.

இப்போது ஸ்கேனர் வந்துவிட்டது. 1963-ல் 18 லைட்வெயிட் இ-டைப் கார்கள் செய்யத் திட்டமிட்ட ஜாகுவார், 12-ஐத்தான் முடித்தது. மிச்சம் 6 கார்களைச் செய்யப்போவதாக 2014-ல் அறிவித்து, பழைய காரின் பாடியை முழுக்க ஸ்கேன் செய்தது. இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல வரவேண்டும் என்று, ஒரு பக்க அளவையே கண்ணாடி பிம்பமாக மறுபக்கத்துக்கும் வைத்தார்கள். கார் என்னவோ அழகுதான். ஆனால், கையால் செய்த பழைய காரில் இரு பக்கத்துக்கும் நடுவே இருந்த அந்தச் சின்ன வித்தியாசம் புது காரில் இல்லை. எனக்கென்னவோ அதையும் விட்டுவைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.