பீரோவில் கிடக்கும் அந்தக் காகிதம்



முடிச்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2015-இலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, 2023-இலும் வந்தது. இரண்டாம் முறை ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மகள் கல்யாணத்துக்காக வாங்கி வைத்த கட்டில், மெத்தை எல்லாம் போயிற்று. “வீட்டுக்கடன் கொடுக்கும்போதே இன்ஷூரன்ஸுக்கு என்று பணம் பிடித்துக்கொண்டார்களே, அதில் ஏன் ஒரு ரூபாய்கூட வரவில்லை?” என்று கேட்கிறார். இதே கேள்வி, ஊர்ப்பெயர் மட்டும் மாறி, வேறு கடிதங்களிலும் வந்திருக்கிறது. ஆகவே இந்த மாதம் என் பக்கம் முழுக்க இதற்குத்தான்.

அவர் அனுப்பிய நகலைப் படித்தேன். அது வீட்டுக்கான காப்பீடே இல்லை. கடன் வாங்கியவர் இறந்துபோனால் பாக்கிக் கடனை அடைக்கிற ஆயுள் காப்பீடு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொருவருடைய பாலிசி வீட்டுக்கானதுதான், ஆனால் கட்டடத்துக்கு மட்டும்; வீட்டுச் சாமான்கள் அதில் சேரவில்லை. இருவரும் பல வருடங்களாக ‘நமக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். உங்கள் பீரோவிலும் கடன் ஃபைலுக்குள் அப்படி ஒன்று கிடக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்: அது உயிருக்கா, கட்டடத்துக்கா, சாமானுக்கும் சேர்த்தா?

2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரியான விதிகளோடு விற்கும் வீட்டுப் பாலிசி ஒன்று இருக்கிறது. பெயர் ‘பாரத் கிருஹ ரக்ஷா’. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நீர் தேங்குதல் எல்லாம் அதிலேயே அடக்கம். அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் ‘வெள்ளத்துக்குத் தனியாக வாங்க வேண்டுமாமே’ என்று கேட்பதுண்டு. அது அந்த ஊர் வழக்கம். அங்கே சாதாரண வீட்டுப் பாலிசியில் வெள்ளம் வராது. இங்கே நிலைமை நமக்குச் சாதகம், ஆனால் வாங்குகிறவர்கள்தான் குறைவு. ஸ்கூட்டருக்குப் பாலிசி இல்லையென்றால் போலீஸ்காரர் நிறுத்துவார்; வீட்டை நிறுத்திக் கேட்க யாரும் இல்லை!

எவ்வளவுக்கு எடுப்பது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். சந்தை விலையைப் போட வேண்டியதில்லை. நிலத்தை வெள்ளம் கொண்டுபோகாது; திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. உள்பரப்பு 1,000 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 லட்சம். அந்த ஃபிளாட்டின் விலை 80 லட்சமாக இருந்தாலும் காப்பீட்டுத் தொகை இதுதான். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். இந்தக் கணக்கில் 5 லட்சம். நகைக்கு வேண்டுமானால் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. ‘நான் மூன்றாவது மாடி, எனக்கெதற்கு?’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர், ஈ.பி. போர்டு எல்லாம் கீழேதான் இருக்கின்றன. பொது இடங்களுக்கு அசோசியேஷன் பெயரில் பாலிசி உண்டா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

காரும் பைக்கும் வீட்டுப் பாலிசியில் வராது. வண்டியின் பாலிசியில் இன்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்ஜின் போகும், கிளெய்மும் சிக்கலாகும்.

சரி, நம் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வரும்? வெள்ளம் என்று ஒரே பெயரில் சொல்கிறோம். சென்னையிலேயே அது மூன்று விதமாக வருகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட, ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று அடையாற்றங்கரை முழுக்க மூழ்கியது. அது ஆற்று வெள்ளம். இரவோடு இரவாக ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் கண்டது வேறு. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போக வேண்டும். சதுப்புநிலமும் சுருங்கி, கடலும் வாங்காவிட்டால் அந்தத் தண்ணீர் வடிய நாட்கணக்காகும்.

மூன்றாவது வகைக்கு ஆறும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். தெருவில் ரோடு மேல் ரோடு போட்டுப் போட்டு, வீடு பள்ளத்துக்குப் போய்விடுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். ஆனாலும் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்களுக்கு இந்த நகரத்தில் வேலை குறையவில்லை.

வீடு வாங்கப் போகிறவர்கள் தரகரிடம் ‘தண்ணீர் வருமா?’ என்று கேட்காதீர்கள். என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம், ‘2015-இல் எதுவரை நின்றது? எத்தனை நாளில் வடிந்தது?’ என்று கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரின் கறையைப் பாருங்கள். ‘தமிழ் நிலம்’ இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு, நிலத்தின் வகையைச் சொல்லும் ஏ-பதிவேட்டை எடுங்கள். நன்செய் என்று இருந்தால், அது ஒரு காலத்தில் ஏரித்தண்ணீர் பாய்ந்த வயல். பட்டா சுத்தமாக இருக்கலாம், வில்லங்கச் சான்றிதழில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அவை தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. தியாகராய நகரே 1920-களில் மாம்பலத்து நெடிய ஏரியின் படுகையில் எழுந்ததுதான்.

ஊர்க்காரர்களின் நினைவு மட்டும் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. பெய்தது. அப்படி ஒரு மழைக்கு எந்தப் பெரியவரிடம் போய்க் கேட்பது? பாலிசி வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

அதற்காகப் பழியெல்லாம் வீட்டுக்காரர் தலையில் என்று அர்த்தமில்லை. 2015 வெள்ளத்தை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை சொல்லியது. ஏரியில் மனை பிரித்தவர்களையும், அதற்குக் கையெழுத்துப் போட்டவர்களையும் நாம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில் வரும்வரை மெத்தை நனையாமல் காத்திருக்காது.

பாலிசி எடுத்தவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். தண்ணீர் வடிந்ததும் நம் கை துடைப்பத்தைத்தான் தேடும். கொஞ்சம் பொறுங்கள். சுவரில் கறை தெரியும்படி அறை அறையாகப் படம் எடுங்கள். ஃப்ரிட்ஜ், டிவியின் சீரியல் எண்ணையும் எடுங்கள். நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். அவர்கள் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இனி உங்களிடம் ஒரு வேலை. உங்கள் தெருவின் பெயர், எந்த ஆண்டு, வீட்டுத் தரைக்கு மேல் எத்தனை அடி, வடிய எத்தனை நாள் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வீட்டு எண் வேண்டாம். தண்ணீரே வராத தெருக்காரர்களும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான். ஐப்பசி பிறப்பதற்குள் வந்து சேர்பவற்றைத் தெருவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்