பின்பக்கம் நிமிர்ந்து நின்றால் வண்டிக்குப் பலம் கூடிவிடாது

கொஞ்சம் நீளமான பதிவு இது. வண்டி வைத்திருப்பவர்களும், அந்த வண்டிக்கு லோடு கொடுப்பவர்களும் பொறுமையாக முழுவதும் படியுங்கள்.

நம் குழுவில் ஒரு வாரமாக ஒரு வீடியோ சுற்றுகிறது. ஒரு பிக்கப் வண்டி. தொட்டி நிறைய சிமெண்ட் மூட்டை, பின்னால் கொக்கியில் மிக்சர் மெஷின். பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல் அமுங்கிக் கிடக்கிறது. அடுத்த காட்சியில் பின் அச்சுக்கு மேலே இரண்டு ரப்பர் பைகளை மாட்டிக் காற்றடிக்கிறார்கள். வண்டி நிமிர்கிறது. "இனிமே எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம்" என்று ஒரு குரல். அதன் கீழே நம் பிள்ளைகள் வரிசையாகக் கைதட்டல் படம் போட்டு, எங்கே கிடைக்கும், என்ன விலை என்று விசாரிக்கிறார்கள்.

அந்தக் குரல் சொல்வது பொய். பொய் என்று சொல்ல ஆள் வேண்டும் என்பதால் நான் சொல்கிறேன். "டீச்சருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். எனக்கு நெம்புகோல் தெரியும். உங்களுக்கும் தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

முதலில் அந்தப் பை என்ன செய்கிறது என்று பார்ப்போம். விபத்து நேரத்தில் ஸ்டியரிங்கிலிருந்து விரியும் ஏர் பேக் வேறு, இது வேறு. இது கமான் பட்டைக்குத் துணையாகச் சேசிஸுக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கும் பை. ஆம்னி பஸ்ஸில் இருக்கும் ஏர் சஸ்பென்ஷனின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பட்டறைக்குப் போய் இரண்டு கமான் பட்டை கூடுதலாகப் போடுவதும் இதே வேலைதான். இரண்டுமே தொங்குகிற பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். அதற்குமேல் ஒன்றும் செய்யாது.

வண்டியின் எடை கமானில் தொடங்கிக் கமானில் முடிந்துவிடுவதில்லை. கமானிலிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து பேரிங்குக்கு, பேரிங்கிலிருந்து ரிம்முக்கு, ரிம்மிலிருந்து டயருக்கு, டயரிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கிவிட்டுச் சங்கிலியே பலமாகிவிட்டது என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளை சிரிக்கும். டயரின் பக்கவாட்டில் ஓர் எண் இருக்கும், போய்ப் பாருங்கள். 100 என்று இருந்தால் அந்த டயர் தாங்குவது 800 கிலோ. காற்றுப் பை மாட்டியதும் அந்த 100 என்ன 120 ஆகிவிடுமா?

இப்போது நெம்புகோல் கணக்கு. பேப்பர் எடுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 3 மீட்டர். பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளிக் கொக்கி. இழுத்துச் செல்லும் மெஷின் கொக்கியின் மேல் 250 கிலோ அழுத்துகிறது. பின் அச்சுதான் ஆதாரப்புள்ளி. 250 × 1.2 = 300. அதை 3 ஆல் வகுத்தால் 100. அதாவது முன் சக்கரங்களின் மேல் இருந்த எடையில் 100 கிலோ குறைந்துவிட்டது. பின் அச்சின் மேல் கூடியது 250 அல்ல, 350.

முன் சக்கரம்தானே வண்டியைத் திருப்புகிறது? பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையை அதுதானே செய்கிறது? அதன் பிடி குறைந்துபோன வண்டிதான் மழைநாளில் வளைவில் திரும்பாமல் நேராகப் போகிறது.

சரி, காற்றுப் பை மாட்டியாகிவிட்டது. கணக்கைத் திரும்பப் போடுங்கள். 3 மீட்டர் மாறியதா? 1.2 மீட்டர் மாறியதா? 250 கிலோ மாறியதா? ஒன்றும் மாறவில்லை. விடையும் மாறாது. முன்பு வண்டி தொங்கிக்கொண்டு "என்னால் முடியவில்லை" என்று சொன்னது. இப்போது அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கி எடுத்து, "பார், சரியாகிவிட்டது" என்பதுபோல.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சிலிருந்து ஒரு சிறு கம்பி போய் சேசிஸில் உள்ள ஒரு வால்வில் சேரும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்புவது என்று அந்த வால்வு முடிவு செய்யும். லோடு அதிகமானால் பின்பக்கம் அமுங்கும், பின் பிரேக் பலமாகப் பிடிக்கும். காற்றுப் பையோ கூடுதல் பட்டையோ போட்டு வண்டியை நிமிர்த்திவிட்டு, வால்வை அதற்கேற்பச் சரி செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்ளும். மேலே அளவுக்கு மீறிய லோடு, கீழே காலி வண்டிக்கான பின் பிரேக்.

நம் பக்கத்து டிராக்டர் டிப்பர்களின் கதை இதைவிட மோசம். பலவற்றில் டிரெய்லருக்கென்று தனியாகப் பிரேக்கே கிடையாது. கரும்பு சீசனில் இரட்டை லோடு கட்டிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறோம். பின்னால் இருப்பது தள்ளும்போது முன்னால் இருப்பது நிற்குமா?

"கம்பெனிக்காரனே கொஞ்சம் சேர்த்துத் தாங்குற மாதிரிதான் செய்வான் டீச்சர்" என்று ஒரு மாணவன் எழுதியிருக்கிறான். செய்வான் கண்ணா. அந்த மிச்சம் உன் கூடுதல் மூட்டைக்காக வைத்தது இல்லை. சக்கரம் பள்ளத்தில் விழும்போது நிற்கிற எடையைவிடப் பல மடங்கு அடி அச்சில் விழுகிறது. பத்து வருடம் தினமும் விழும் அந்த அடிக்காக வைத்த மிச்சம் அது. அதையும் மூட்டையால் நிரப்பிவிட்டால் பள்ளம் வரும்போது என்ன மிஞ்சும்?

ரோட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், சோதனைக்கென்றே ரோடு போட்டு, ராணுவ வீரர்களை வைத்து லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதில் தெரிந்தது: அச்சு எடை கூடினால் ரோட்டின் சேதம் ஏறக்குறைய நான்கின் அடுக்காகக் கூடுகிறது. எடை 20 சதவீதம் கூடினால் 1.2 × 1.2 × 1.2 × 1.2. போட்டுப் பாருங்கள், 2.07 வரும். கால் பங்குக்கும் குறைவான கூடுதல் எடைக்கு இரண்டு மடங்கு சேதம். 2018 ஜூலையில் ஒன்றிய அரசே நான்கு டயர் ஒற்றை அச்சுக்கான அளவை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அதற்கே சேதம் ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது. அதற்கும் மேல் ஏற்றிக்கொண்டு, ரோடு சரியில்லை என்று நாமே மனு கொடுக்கிறோம்.

அந்த ரோடு எது? கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் தேசிய நெடுஞ்சாலை 77. அது நம் கோட்டைக்குள்ளேயே, மலைகளுக்கு நடுவே போகிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். பெருமைதான். ஆனால் அந்த ரோட்டைக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கடக்கும் வெளியூர்க்காரருக்கு, எதிரில் வரும் வண்டியின் முன் சக்கரத்தில் 100 கிலோ குறைந்திருப்பது தெரியாது. வண்டி நிமிர்ந்து அழகாக வருகிறது என்றுதான் நினைப்பார்.

அடுத்து, "வயித்துப் பொழப்பு டீச்சர், கட்டுப்படி ஆகணுமே" என்பவர்களுக்கு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டீசல், தவணை, இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் எனக்கும் தெரியும், நம் வீட்டுப் பிள்ளைகள்தான் கட்டுகிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவன் ஒன்றரை டன் ஏற்ற வேண்டிய வண்டியில் இரண்டரை டன் ஏற்றினால் அந்த மாதம் அவனுக்கு லாபம். எல்லோரும் இரண்டரை டன் ஏற்றத் தொடங்கினால் வியாபாரி என்ன செய்வார்? டன்னுக்கான வாடகையைக் குறைப்பார். பழைய வருமானம்தான் கைக்கு வரும். டயரும் கமானும் கிளட்சும் மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் போகும். மிச்சம் பிடித்தது யார்? மூட்டைக்குச் சொந்தக்காரர்.

அதனால் என் கோபம் ஓட்டுகிற பிள்ளைகள் மேல் மட்டும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவைப் படியுங்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கிய பிறகுதான் வண்டி நகரலாம். ஓட்டுபவர் என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் என்றும் சொல்கிறது. ஆனால் நடுரோட்டில் கைகட்டி நிற்பது எப்போதும் டிரைவர்தான். "ஏத்துடா, பாத்துக்கலாம்" என்று சொன்னவர் கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். அப்படிச் சொல்கிறவர்களில் என் உறவினர்களும் உண்டு, என் மாணவர்களும் உண்டு. உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

காற்றுப் பையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆர்.சி.யில் உள்ள அளவுக்குள் லோடு இருந்து, மெஷின் மாட்டும்போது மட்டும் பின்பக்கம் இறங்கி, ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கிறது என்றால் பை நல்ல துணைதான். தரமானதாக வாங்கி, தெரிந்தவரிடம் மாட்டி, பிரேக் வால்வையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அளவுக்குள் இருப்பதை அது சமன் செய்யும். அளவை அது கூட்டாது.

வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம். ஆர்.சி.யில் காலி எடை, மொத்த எடை இரண்டையும் பார்த்துக் கழித்து, அந்த எண்ணைத் தொட்டியின் உள்பக்கம் பெயின்டில் பெரிதாக எழுதுங்கள். லோடோடு ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். பிறகு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தித் தனியாகப் பாருங்கள். மெஷினை மாட்டி ஒன்று, மாட்டாமல் ஒன்று. நான் போட்ட கணக்கு சரியா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

லோடு கொடுப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தொட்டியில் எழுதியிருக்கும் எண்ணைத் தாண்டி ஏற்றச் சொல்லாதீர்கள். இரண்டு நடையாகப் போனால் இரண்டு நடைக்கும் வாடகை கொடுங்கள். அந்தப் பிள்ளை ராத்திரி வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.