சந்திரனில் கேட்காத பாங்கும் அயோவாவில் நிற்கும் பள்ளிவாசலும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். முழுதாக வாசித்துவிட்டு எங்களுக்கு ஏசுவதென்றாலும் பரவாயில்லை. பாதியில் விட்டுவிட்டு ஏச வேண்டாம்.

சில நாட்களுக்கு முன் வகுப்பில் ஒலி பற்றிய பாடம். ஒலி பயணிக்க ஓர் ஊடகம் வேண்டும், காற்றோ நீரோ திண்மமோ எதுவும் இல்லாத வெற்றிடத்தில் ஒலி செல்லாது என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது:

"அப்ப சேர், சந்திரன்ல காத்து இல்லண்டா ஆம்ஸ்ட்ரோங்குக்கு பாங்கு எப்படிக் கேட்டிச்சு?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டோம். "வாப்பாட போன்ல வந்திச்சு சேர்" என்றது பிள்ளை.

அந்த முகத்தில் இருந்த தடுமாற்றம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. பாடப்புத்தகம் பொய்யா, வாப்பா காட்டியது பொய்யா என்று 13 வயதுப் பிள்ளை ஒன்று தனியாக நின்று தீர்மானிக்க வேண்டிய இடத்தில் நாம் அதை நிறுத்திவிட்டோம். இன்று அந்தப் பிள்ளை வாய்விட்டுக் கேட்டது, அல்ஹம்துலில்லாஹ். கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு, "இது பொய்யென்றால் மற்றவைகளும் இப்படித்தானோ" என்று நினைக்கத் தொடங்கும் பிள்ளைகளை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒளிக்காமல் சொல்கிறோம். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் இதே கதையை மாஷா அல்லாஹ் போட்டுப் பகிர்ந்தவர்களில் நாமும் ஒருவர். ஆகவே இது யாருக்கும் விரல் நீட்டுவதற்காக எழுதுவது அல்ல.

முதலில் ஆம்ஸ்ட்ரோங் விடயம். நீல் ஆம்ஸ்ட்ரோங் 1930இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். 1969 ஜூலையில் சந்திரனில் இறங்கினார். அங்கே அவர் காதில் விழுந்தது எல்லாம் தலைக்கவசத்துக்குள் வானொலி வழியாக வந்த குரல்கள்தான். டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டனில் இருந்த கட்டுப்பாட்டு நிலையமும் உடன் சென்ற தோழர்களும் பேசிய குரல்கள். அவர் பாங்கு கேட்டார், பிறகு கெய்ரோவில் அதே ஓசையைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதை பரவியபோது அவரே மறுத்தார். 1983இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் முஸ்லிம் நாடுகளில் உள்ள தனது தூதரகங்களுக்கு, அவர் மதம் மாறவில்லை, எந்த மதத்தையும் அவமதிக்கும் எண்ணமும் அவருக்கு இல்லை என்று அறிவித்தது. 2012இல் அவர் காலமானார். கதை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அவர் லெபனானில் குடியேறிவிட்டார் என்றும் சொன்னார்கள். லெபனானில் வாழ்ந்தது உண்மைதான். ஆனால் அந்த லெபனான், ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஒரு சிறு நகரம்!

அமெரிக்காவில் இப்படியான பெயர்கள் நிறைய. இலினோய் மாநிலத்தில் கெய்ரோ இருக்கிறது. ஒஹையோவிலும் நியூயோர்க் மாநிலத்திலும் மதீனா இருக்கிறது. இண்டியானாவிலும் கலிபோர்னியாவிலும் மக்கா இருக்கிறது. வெள்ளையர் குடியேறியபோது பைபிளிலும் பூகோளப் புத்தகங்களிலும் பார்த்த பெயர்களை ஊர்களுக்கு வைத்தார்கள், அவ்வளவுதான். கலிபோர்னியாவின் மக்கா, பாலைவனமும் பேரீச்சந் தோட்டங்களும் உள்ள பகுதியில் இருக்கிறது. இந்தப் பெயர்களை அடுக்கி, "கொலம்பஸுக்கு முன்பே அமெரிக்கா முஸ்லிம் நாடு" என்று ஒரு கட்டுரை வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அதில் புளோரிடாவின் தலைநகர் தல்லஹாசியின் பெயருக்குள் "அல்லாஹ்" இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அது மஸ்கோகி என்ற பழங்குடி மக்களின் மொழிச்சொல். பொருள் "பழைய ஊர்". அந்த மக்களின் நிலத்தை வெள்ளையர் பறித்தார்கள். மிஞ்சிய பெயரையும் நாம் பறிக்க வேண்டுமா?

கொலம்பஸ் கியூபாவில் பள்ளிவாசலைக் கண்டார் என்பதும் அதே கட்டுரையில் வரும். 1492 ஒக்டோபர் இறுதியில் கியூபாக் கரையில் ஒரு மலையைப் பார்த்து, அதன் உச்சியில் உள்ள குன்று அழகிய பள்ளிவாசல் போல இருக்கிறது என்று அவர் குறிப்பு எழுதினார். அது ஓர் உவமை. அந்த வருடம் ஜனவரியில்தான் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனடா வீழ்ந்தது. பள்ளிவாசல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மலையும் பள்ளிவாசலாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. கிரனடாவின் கதையைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய இடத்தில் நாம் கியூபாவில் இல்லாத பள்ளிவாசலைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இவை எல்லாம் பொய் என்றால் அமெரிக்க வரலாற்றில் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பொய்யை விடப் பெரியதாக இருக்கிறது. மாநிலம் மாநிலமாகப் பார்ப்போம்.

வட கரோலினா. செனகல் பகுதியில் 1770 அளவில் பிறந்து, சுமார் 25 வருடங்கள் மார்க்கக் கல்வி கற்ற உமர் இப்னு ஸஈத் என்பவர் 1807இல் பிடிக்கப்பட்டுக் கப்பலில் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டார். எஜமானின் கொடுமை தாங்காமல் தப்பி ஓடினார். வட கரோலினாவின் பேயட்வில் நகரில் பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே சுவரில் அரபியில் எழுதியதைப் பார்த்து ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. "எழுதப் படிக்கத் தெரியாத காட்டுமிராண்டிகள்" என்று சொல்லித்தானே அவர்களை அடிமையாக்கினார்கள்!

1831இல் அவர் தன் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதினார். தொடங்கும்போது ஸூறத்துல் முல்க்கை எழுதினார். ஆட்சி எல்லாம் யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பேசும் ஸூறா அது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொந்தமாக இருந்த நாட்டில், அடிமை ஒருவர் அதைத் தெரிவு செய்து எழுதினார் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அடிமைத்தனம் ஒழிவதற்குக் கொஞ்சம் முன்பு அவர் மரணித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியை 2017இல் அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகம் வாங்கியது. இப்போது யாரும் இணையத்தில் பார்க்கலாம். அவரைப் பற்றிய இசை நாடகம் ஒன்று 2023இல் புலிட்சர் பரிசும் பெற்றது.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார் என்பதும் பதிவில் இருக்கிறது. மனமாற்றமா, உயிர் பிழைக்கச் செய்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். உள்ளத்தை அல்லாஹ் அறிவான். ஆனால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மீதியைப் பகிர்ந்தால், நாமும் பாங்குக் கதை எழுதியவர்களோடு சேர்ந்துவிடுவோம்.

ஜோர்ஜியா. சபேலோ என்ற தீவில் பிலாலி முஹம்மத் என்பவர் அடிமையாக வாழ்ந்தார். இன்றைய கினியா நாட்டுப் பகுதியில் இருந்து வந்தவர். அவர் எழுதிய 13 பக்க அரபுப் பிரதி ஒன்று ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நாட்குறிப்பு என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். வாசித்தறிந்தவர்கள் பார்த்தால், அது மாலிக் மத்ஹபின் பிக்ஹுப் பாடம்: வுழூ, தொழுகை பற்றிய சட்டங்கள். சிறுவயதில் மத்ரஸாவில் படித்ததை, கிதாபும் உஸ்தாதும் இல்லாத தீவில், ஞாபகத்தில் இருந்து எழுதியிருக்கிறார் என்று கருதுகிறார்கள். நமது பிள்ளைகள் ஓதல் பள்ளிக்குப் போக மழையைச் சாட்டுச் சொல்லும்போது, இந்த மனிதரை ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள்.

வட டகோட்டா. கடும் குளிர் மாநிலம். அரசாங்கம் குடியேறுவோருக்குத் தலா 160 ஏக்கர் வரை காணி கொடுத்த காலத்தில், சிரியா, லெபனான் பகுதிகளில் இருந்து முஸ்லிம் விவசாயிகள் அங்கே போனார்கள். 1929இல் ரொஸ் என்ற கிராமத்தில் பாதி நிலத்துக்குள் அமைந்த சிறிய பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினார்கள். பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட, ஜமாஅத் குறைந்து, 1970களின் இறுதியில் அது இடிக்கப்பட்டது. பிறகு 2005இல் அதே இடத்தில் நினைவாகச் சிறியதொன்றைக் கட்டினார்கள். பள்ளிவாசலைக் கட்டுவது ஒரு வேலை, அடுத்த தலைமுறையை அதில் வைத்திருப்பது வேறு வேலை என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

அயோவா. சீடர் ரெபிட்ஸ் நகரில் 1934இல் திறந்த பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அமெரிக்காவில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்டு இன்றுவரை எஞ்சியவற்றில் மிகப் பழையது அது. இதே மாநிலத்தில் எல்காடர் என்று ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஓர் ஊர் இருக்கிறது. பிரான்ஸை எதிர்த்துப் போராடிய அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிரின் பெயர் அது. 1846இல் அந்த ஊரை உருவாக்கியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். கடல் கடந்து வந்த செய்தியில் ஒரு வீரனின் நேர்மையைக் கேள்விப்பட்டு மதித்தவர்கள். 1860இல் அதே அமீர், டமஸ்கஸில் கலவரம் மூண்டபோது ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் தன் பாதுகாப்பில் வைத்துக் காப்பாற்றினார். இந்த நாட்டில் 2019க்குப் பிறகு நாம் பட்டதை அறிந்தவர்களுக்கு இந்தச் சம்பவத்தின் பெறுமதி விளங்கும்.

இலினோய். சிகாகோவில் 110 மாடிகளோடு நிற்கும் பழைய சியர்ஸ் கோபுரம் சுமார் கால் நூற்றாண்டு உலகிலேயே மிக உயரமான கட்டடமாக இருந்தது. அதன் கட்டமைப்பை வடிவமைத்த பொறியியலாளர் பஸ்லுர் ரஹ்மான் கான். பிறந்தது டாக்காவில். நமது ஓ.எல். மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

வேர்ஜினியாவின் தோமஸ் ஜெபர்சன் 1765இல், சட்டம் படிக்கும் இளைஞராக இருந்தபோது, குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினார். மின்னசோட்டாவில் இருந்து கொங்கிரஸுக்குத் தெரிவான முதல் முஸ்லிம் கீத் எலிசன், 2007இல் அந்தப் பிரதியின் மீதே கைவைத்துப் பதவியேற்பு நிகழ்வில் நின்றார். இதைப் பகிர்பவர்கள் ஜெபர்சன் இரகசிய முஸ்லிம் என்று ஒரு வரியைக் கூட்டிவிடுவார்கள். இல்லை. அவர் நூற்றுக்கணக்கானவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். மதச் சுதந்திரத்துக்காக எழுதியவரும் அவர்தான். இரண்டும் ஒரே மனிதர். வரலாறு என்றால் இப்படித்தான் இருக்கும்.

இப்போது நமது விடயத்துக்கு வருவோம்.

நம் போட்டிகளில் பிள்ளைகளிடம் என்ன கேட்கிறோம்? அமெரிக்கக் கொடியில் எத்தனை நட்சத்திரம்? 50. எத்தனை கோடு? 13. மிகப் பெரிய மாநிலம்? அலாஸ்கா. சரியான விடை, கைதட்டல், கிண்ணம், போட்டோ. 13 கோடு ஏன் என்றோ, அலாஸ்காவை 1867இல் ரஷ்யா ஏன் விற்றது என்றோ கேட்பதில்லை. "ஏன்" கேட்டுப் பழகாத பிள்ளைதான் நாளைக்கு வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் விழுங்கும். சந்திரனில் பாங்கு எப்படிக் கேட்டது என்று எழும்பிக் கேட்ட அந்தப் பிள்ளைக்குத்தான் நாம் கிண்ணம் கொடுக்க வேண்டும்.

சிலர் சொல்வார்கள், "நல்ல நோக்கத்தோடுதானே பகிர்கிறோம், ஈமான் கூடட்டும் என்று." செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது ஸூறத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் கற்பிக்கும் பாடம். நமக்குப் பிடித்த செய்திக்கு மட்டும் அதில் விதிவிலக்கு இல்லை. நம்மைப் பற்றிப் பிறர் பரப்பிய பொய்களால் கடைகள் எரிந்ததையும், கொத்துரொட்டியில் மாத்திரை கலந்தார்கள் என்ற கதை என்ன செய்தது என்பதையும் பார்த்தவர்கள் நாம். பொய்ச் செய்தியால் அடிபட்ட சமூகம், பொய்ச் செய்தியில் பெருமை தேடலாமா?

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். ஒரு தகவலைப் பகிர முன் மூன்று விடயம் பாருங்கள்: சொன்னது யார், எந்த வருடம், எங்கே பதிவாகியிருக்கிறது. மூன்றுக்கும் விடை இல்லையென்றால் விரலை நிறுத்துங்கள். ஏற்கனவே பகிர்ந்திருந்தால் அதே குழுமத்தில், "நான் அனுப்பியது பிழை" என்று ஒரு வரி போடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். நாம் சென்ற வாரம் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை.

கடைசியாக ஒன்று. உமர் இப்னு ஸஈதின் கையெழுத்தை அமெரிக்க நூலகம் தேடி வாங்கிப் பாதுகாக்கிறது. நமது வீடுகளில் மூத்தம்மாமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் பரணில் கிடந்து கறையான் தின்கின்றன. ஊரின் பழைய மீஸான் கற்களில் இருக்கும் பெயர்களை வாசிக்க ஆள் இல்லை. அவற்றைப் படம் பிடித்து, யாருடையது, எந்தக் காலம் என்று எழுதி வையுங்கள். நமது பேரப்பிள்ளைகள் பெருமைப்பட இல்லாத கதை எதையும் தேடி அலைய வேண்டி வராது, இன்ஷா அல்லாஹ்.

இதில் பிழை இருந்தால் ஆதாரத்தோடு சுட்டிக்காட்டுங்கள். திருத்திக்கொள்வோம்.

வஸ்ஸலாம்.