வேன் தேறவில்லையாம், குற்றவாளி டிரைவராம்!

எட்டு வயது தாண்டிய வாடகை வேன் ஆண்டுதோறும் எப்.சி. வாங்கியாக வேண்டும். பழைய வேன்கள் எதில் தோற்கின்றன? பட்டன் தேய்ந்து 1.6 மில்லிமீட்டர் ஆழம்கூட மிஞ்சாத மொட்டை டயர், மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கும் பிரேக், எரியாத இண்டிகேட்டர், கரும்புகை. லைனிங் மாற்றக் காசில்லை என்கிறார் முதலாளி. புதுப் பெயிண்டுக்கு மட்டும் காசு எங்கிருந்து வந்தது? சோதனை நாளுக்கு இரவல் டயர் மாட்டும் சாமர்த்தியமும் நாம் அறியாததல்ல. மறுநாள் மில்லுக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஓடுவது பழைய மொட்டை டயர்தான்!

வண்டி தேறாவிட்டால் மட்டும் டிரைவரின் கூலியில் கைவைப்பார்களாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவை இவர்கள் படிக்கட்டும். ஆபத்தான பழுதென்று தெரிந்தும் வண்டியை ஓட்டுபவரை மட்டுமா அது குற்றவாளி என்கிறது? ஓட்டச் செய்பவரையும் சேர்த்தே சொல்கிறது. டயருக்கும் லைனிங்குக்கும் முதலாளியே பணம் எடுத்து வைக்கட்டும். டிரைவரின் கூலியைத் தொடக் கூடாது!